27 டிகிரி வளைவு, வளரும் பிள்ளை: ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 12 வயது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. தீபாவளிக்குச் சட்டை தைக்க அளவெடுத்த தையல்கார அக்காதான் ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்று கவனித்துச் சொன்னாராம். எக்ஸ்ரே எடுத்ததில் முதுகுத்தண்டு வலப்பக்கமாக 27 டிகிரி வளைந்திருக்கிறது, எலும்பு வளர்ச்சியைக் காட்டும் எண்ணான ரிஸர் 0, பிள்ளை இன்னும் வயதுக்கு வரவில்லை. டாக்டர் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு, போடச் சொல்கிறார். மாமியார் உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். கணவர், 'நேராக்கித் தருகிறோம்' என்று பேக்கேஜ் போடும் ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். பிள்ளையோ பிரேஸ் என்றாலே அழுகிறது. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா, பரதம் ஆடலாமா, நாளைக்குக் கல்யாணம் குழந்தை என்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

பொறுக்க வேண்டாம் அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

நான் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட், முதுகுத்தண்டு வளைந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். 27 டிகிரி என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து இதைச் சொல்லவில்லை. இதே 27 டிகிரி 17 வயதுப் பெண்ணுக்கு இருந்திருந்தால், அவ்வப்போது டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள், நன்றாக ஓடி விளையாடட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். உங்கள் மகள் விஷயத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை ரிஸர் 0, இன்னும் வயதுக்கு வரவில்லை என்ற இரண்டும்தான்.

டிகிரி என்று சொல்வது காப் கோணம். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில், வளைவின் மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்புகளுக்குக் கோடு போட்டு அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளப்பார்கள். 1948ல் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் எழுதி வைத்த முறை, இன்றைக்கும் அதுதான். இந்த வளைவுக்கு மருத்துவத்தில் ஸ்கோலியோசிஸ் என்று பெயர், 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தப் பெயர் வைப்பதே இல்லை. ரிஸர் என்பது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் எலும்பு எவ்வளவு தூரம் படிந்திருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை போடும் எண். 0 என்றால் வளர்ச்சி இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது, 5 என்றால் முடிந்துவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 1984ல் லோன்ஸ்டீன், கார்ல்சன் இருவரும் 700க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது, பழசுதான், ஆனால் இன்னும் எல்லா டாக்டரும் மனதில் வைத்திருப்பது. 20 முதல் 29 டிகிரி வளைவு இருந்து ரிஸர் 0 அல்லது 1 ஆக இருந்த பிள்ளைகளில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. அதே அளவு வளைவு, ஆனால் ரிஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 சதவீதம்தான். 20க்கும் குறைந்த வளைவும் ரிஸர் 2 முதல் 4 வரையும் என்றால் 1.6 சதவீதம். பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரமாவது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால். வந்த பிறகு வேகம் குறைந்து ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வளர்ச்சி அடங்கும். ஆக உங்கள் மகள் இப்போது நிற்பது சரியாக அந்த வேகமான கட்டத்தின் வாசலில். நீங்கள் பொறுத்துப் பார்க்க நினைக்கும் அந்த ஆறு மாதம்தான் இந்த வைத்தியத்திலேயே விலை அதிகமான ஆறு மாதம்.

உங்கள் மேல் பழி போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கேள்வியில் நேரடியாக எழுதவில்லை என்றாலும் வரிக்கு வரி தெரிகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது சரியாக நீவிக் குளிப்பாட்டவில்லை, கூன் போட்டு போன் பார்த்தாள், பள்ளிப் பை கனம், ஒருக்களித்துத் தூங்கினாள் என்று நம் வீடுகளில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இதில் எதுவுமே காரணம் இல்லை. பை கனமாக இருந்தால் தோள் வலிக்கும், முதுகு வலிக்கும், அதைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் பை முதுகுத்தண்டை இப்படி வளைக்காது. பத்து வயதுக்கு மேல் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தில் பிடிபடவில்லை, குடும்பத்தில் ஓடும் தன்மை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பதின்ம வயதினரில் 2, 3 சதவீதம் பேருக்கு இருக்கிறது. லேசான வளைவு ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வரும், பெரிதாக வளர்வது மட்டும் பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம்.

முதுகுத்தண்டு பக்கவாட்டில் சாய்வதோடு நிற்பதில்லை, ஈரத்துணியைப் பிழிவது போலத் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டும் போகிறது. அதனால்தான் விலா எலும்புகள் ஒரு பக்கம் பின்னால் தள்ளி மேடாகத் தெரிகின்றன, இடுப்பு ஒரு பக்கம் குழிந்து காணப்படுகிறது. தொளதொளவென்ற மலாய் உடையான பாஜு குரோங் போட்டால் இது எதுவும் வெளியே தெரியாது. பத்துப் பதினொரு வயதுக்கு மேல் பிள்ளை தானாகக் குளித்துத் தானாக உடுத்துகிறது, வெற்று முதுகை அம்மாகூடப் பார்ப்பதில்லை, அப்புறம் தையல்காரரும் பரத வாத்தியாரும் நீச்சல் பயிற்சியாளரும் கண்டுபிடிக்காமல் வேறு யார் கண்டுபிடிப்பார்கள்?

வலப்பக்க மார்பு வளைவு, 12 வயது, பெண் பிள்ளை என்பது வழக்கமாகப் பார்க்கும் வகைதான், அதில் நிம்மதி. டாக்டர் எம்ஆர்ஐ கேட்பது எப்போது என்றால், மார்புப் பகுதி வளைவு இடப்பக்கம் இருந்தால், பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால், தூக்கத்தில் இருந்து எழுப்பும் வலி இருந்தால், கால் மரத்துப்போவது, தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று இருந்தால், அல்லது சில மாதத்தில் மளமளவென்று ஏறினால். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில் நிறைய திட்டுகள், அல்லது வழக்கத்துக்கு மீறி நீண்ட கைவிரல்கள் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவை வேறு நோய்களின் அடையாளமாக இருக்கலாம்.

இப்போது பிரேஸ். இதைப் பற்றி நிறைய பேருக்குத் தப்பான எதிர்பார்ப்பு இருக்கிறது, அதுதான் பாதியில் கழற்றி மூலையில் போடுவதற்கும் காரணம். பிரேஸ் நேராக்குவதற்காகப் போடுவது இல்லை. வளர்ச்சி முடியும் வரைக்கும் மேலே ஏறாமல் பிடித்து நிறுத்துவதற்காகப் போடுவது. 27ல் தொடங்கி இரண்டரை வருஷம் கழித்து 28ல் முடிந்தால் அது தோல்வி அல்ல, நல்ல வெற்றி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 20 முதல் 40 டிகிரி வரை வளைவிருந்த பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2013ல் வந்தது. 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாமல் கவனிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பிரேஸுக்குள் வெப்பத்தை அறியும் சிறு கருவி வைத்து உண்மையில் எத்தனை மணி நேரம் உடம்பில் இருந்தது என்றும் பார்த்தார்கள், ஏனென்றால் எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்விக்கு உண்மை சொல்லாது. நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பித்தார்கள்.

அந்த 13ஐக் கேட்டவுடன் சிலர் கணக்குப் போடுவார்கள், சாயங்காலம் ஆறு மணி முதல் காலை ஏழு வரை போட்டால் சரியாகிவிட்டதே, பள்ளிக்குப் போட வேண்டாமே என்று. கணக்கு சரிதான், ஆனால் உங்கள் மகள் ரிஸர் 0. அந்த ஆய்விலும் போடச் சொன்னது 18 மணி நேரம், பிள்ளைகள் வழக்கம்போலக் குறைத்துப் போட்டதில் வந்த சராசரிதான் மற்றதெல்லாம். 18 என்று சொன்னால் 14 நடக்கும், 13 என்று சொன்னால் 9தான் நடக்கும். டாக்டர் சொன்ன மணி நேரத்தைக் குறிவைத்துத் தொடங்குங்கள், பிள்ளைக்கு ஒரு நாள் பிறந்தநாள் விருந்து வந்தால் அன்றைக்கு விட்டுக்கொடுங்கள், சண்டை வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் கூடு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு இருப்பது சின்ன விஷயம் இல்லை. அதை லேசாகச் சொல்லும் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். முதல் இரண்டு வாரம் கஷ்டம், ஒரேயடியாக முழு நேரம் போடாமல் நாளுக்கு நாள் இரண்டு மணி நேரம் கூட்டிப் போங்கள். உள்ளே தையல் இல்லாத, உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன், பிரேஸைவிட நீளமாக இருக்க வேண்டும், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட வேண்டும், அந்தச் சுருக்கம்தான் நான்கு மணி நேரத்தில் தோலில் கோடு போட்டுப் புண்ணாக்கும். பள்ளிக்கு இரண்டு பனியன் கொடுத்தனுப்புங்கள், இடைவேளையில் மாற்றிக்கொள்ளட்டும். உள்ளாடையை பிரேஸுக்கு மேலே போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிரேஸைக் கழற்ற வேண்டியிருக்கும், அப்படிக் கழற்றினால் திரும்பச் சரியாக மாட்ட மாட்டாள். பவுடர் போடாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து களியாகி வேர்க்குருவை அதிகமாக்கும். லோஷனும் வேண்டாம், தோல் மென்மையாகிவிடும். கழற்றியதும் குளித்து, காய்ந்த துண்டால் ஒற்றி, விசிறிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கட்டும். இடுப்பெலும்பின் மேலும் விலா மேட்டிலும் சிவப்பு தெரிவது சாதாரணம், பிரேஸ் அழுத்த வேண்டிய இடத்தில்தான் அழுத்துகிறது என்று அர்த்தம். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை, தோல் உரிகிறது என்றால் பிரேஸ் செய்தவரிடம் உடனே போங்கள், அரை அங்குலம் வெட்டிவிட்டாலே தீரும் விஷயத்துக்காகப் பிள்ளை ஒரு மாதம் பிரேஸைத் தொடாமல் இருக்கும்.

மாட்டும்போது படுக்கவைத்து மாட்டுங்கள், பட்டையில் எங்கே வரை இறுக்க வேண்டும் என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தளர்வாகப் போட்ட பிரேஸ் வெறும் சட்டை. வயிற்றை அழுத்துவதால் ஒரே நேரத்தில் நிறைய சாப்பிட முடியாது, நெஞ்செரிச்சல் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாழையிலை விருந்துக்குத் தரையில் உட்கார வேண்டும் என்றால் அந்த ஒரு மணி நேரம் கழற்றட்டும். அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளியில் பாஜு குரோங் போட்டால் பிரேஸ் வெளியே தெரியாது, வளைவை நம்மிடமிருந்து மறைத்த அதே உடை பிரேஸையும் மற்றவர்களிடமிருந்து மறைக்கும், அந்த வகையில் நம் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்.

பிரேஸ் கையில் வந்து சில வாரத்தில் அதைப் போட்டபடியே ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வளைவு பாதியளவுக்காவது குறைந்து தெரிகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் மகளுக்கு 27 என்றால் உள்ளே 13, 14 பக்கம் வந்தால் பிரேஸ் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. 24 என்று வந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள், சில ஆயிரம் ரிங்கிட் கொடுக்கிறீர்கள். பாஸ்டன், ஷெனோ என்று பல வகை இருக்கிறது, எந்த வகை என்பதைவிட யார் செய்கிறார், எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை வளர வளரச் சிறிதாகிப் போகும், வளர்ச்சி முடிவதற்குள் இன்னொன்று செய்ய வேண்டிவரலாம், அதையும் இப்போதே பட்ஜெட்டில் வையுங்கள்.

உடற்பயிற்சி என் துறை, அதனால் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன். ஷ்ரோத் என்ற பயிற்சி முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கத்தரினா ஷ்ரோத் ஜெர்மனிக்காரர், 1894ல் பிறந்தவர், அவருக்கே முதுகு வளைந்திருந்தது, கண்ணாடி முன்னால் நின்று தன் உடம்பிலேயே பார்த்துப் பார்த்து 1920களில் இந்த முறையை உருவாக்கினார். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழிந்திருக்கும் பக்கத்து விலாவின் மேல் என் உள்ளங்கையை வைப்பேன், என் கையை மூச்சால் தூக்கு என்று சொல்வேன். முதல் நாள் வயிறுதான் தூக்கும், தோள் தூக்கும், அந்த விலா அசையவே அசையாது. பிள்ளைக்கு எரிச்சல் வரும். சில வாரத்தில் ஒரு நாள் அந்த இரண்டு விலாவுக்கு நடுவில் இடம் திறந்து என் கை லேசாக மேலே வரும், உடனே பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும், தனக்கே தெரிந்துவிட்டது என்று. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற அசைவுகள் எல்லாம். தினமும் 20, 30 நிமிஷம் வீட்டில் செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் என்னிடம் வந்து செய்துவிட்டுப் போனால் என் பில் மட்டும்தான் ஏறும். ஆனால் தெளிவாகச் சொல்கிறேன், 27 டிகிரி ரிஸர் 0 பிள்ளைக்கு இது பிரேஸோடு சேர்ந்து செய்ய வேண்டியது, பிரேஸுக்குப் பதிலாகச் செய்வது இல்லை. நீச்சலும் யோகாவும் உடம்புக்கு நல்லது, வளைவைக் குறைக்கும் என்று நம்பி மட்டும் அனுப்பாதீர்கள்.

மாமியார் சொல்லும் உருவல் விஷயம். லேசாக எண்ணெய் போட்டுத் தசையை நீவிவிட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், தூக்கம் வரும், அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, பாட்டியும் தன் பங்கு செய்த திருப்தியோடு இருப்பார். ஆனால் பின்னால் தள்ளியிருக்கும் விலாவை முழங்காலால் அமுக்குவது, கழுத்தை நெட்டி முறிப்பது, இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்து இழுப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எலும்பு முறுக்கிக்கொண்டு வளர்வதை வெளியில் இருந்து அமுக்கித் திருப்ப முடியாது.

கணவர் பார்த்து வைத்திருக்கும் பேக்கேஜுக்கு வருவோம். முதுகைச் சொடுக்கி எடுப்பதால் வளைவு குறையும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. சுவரில் முன்னும் பின்னும் எக்ஸ்ரே மாட்டி வைத்திருப்பார்கள், 27 இருந்தது 22 ஆனது என்று. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வித்தியாசம் வரும், அது அளக்கும் முறையிலேயே இருக்கும் பிழை. நிற்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் இன்னும் வரும். 40 தடவைக்கு முன்பணம் கேட்கும் எந்த இடமாக இருந்தாலும், வளர்ச்சி முடியும் வரை வளைவு ஏறாது என்று எழுதித் தருவீர்களா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த 40 தடவையும் நடந்து முடியும் காலத்தில் பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்திருக்கும், அந்தக் காலத்தைத் திரும்ப வாங்க முடியாது.

எங்கே போவது என்றால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் 'முதுகு வளைவு' என்று மட்டும் எழுதவிடாதீர்கள், 27 டிகிரி, ரிஸர் 0, இன்னும் வயதுக்கு வரவில்லை என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், தேதி கொடுக்கும் இடத்தில் அவசரம் புரிவதற்கு இதுதான் வழி. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை, செராஸில் துவாங்கு முரிஸ் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் எல்லாமே உங்களுக்கு எட்டும் தூரம். மலாயாவில் முதுகுத்தண்டு வளைவுக்கென்றே பெரிய அனுபவம் உள்ள குழு இருக்கிறது, இரண்டு மூத்த அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஒரே பிள்ளைக்கு அறுவை செய்யும் முறையைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் வெளிநாட்டிலும் பேசப்படுகின்றன. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டணம் சுகாதார அமைச்சு மருத்துவமனையைப் போல இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். பினாங்கில் இருந்து படிக்கிறவர்கள் பினாங்கு பொது மருத்துவமனையில் தொடங்கலாம். பணம் முடை என்றால் மருத்துவமனையிலேயே சமூகநல அதிகாரி இருப்பார், சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் உதவி நிதிக்கு அவர் மூலம்தான் மனு போட வேண்டும். டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களாகக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை பற்றி இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்திருங்கள். வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. காரணம், வளர்ச்சி முடிந்த பிறகும் 50க்கு மேற்பட்ட வளைவு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறிக்கொண்டே போகும், 30க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். முதுகைத் திறந்து எலும்புகளில் திருகாணி போட்டு, இரண்டு கம்பியில் கோத்து, எலும்புத் துகள் வைத்து அந்தப் பகுதியை ஒன்றாக ஒட்ட வைப்பார்கள். தண்டுவட நரம்பு வேலை செய்கிறதா என்று அறுவை முழுவதும் கருவியில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாரும் பயப்படுவது கால் விழுந்துவிடுமோ என்றுதான், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஒட்டிய பகுதி அப்புறம் வளையாது, வளராது, அதுதான் கொடுக்கும் விலை. ஒன்றரை மாதத்தில் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தேவைப்பட்டால் பயப்படாமல் செய்துகொள்ள வேண்டிய வைத்தியம் என்பது என் கருத்து, பிரேஸ் போட்டும் ஏறிவிட்டது என்றால் அது பிள்ளையின் குற்றமும் இல்லை.

பரதம் தாராளமாக ஆடட்டும். வகுப்புக்கு பிரேஸைக் கழற்றிவிட்டுப் போகலாம், வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். அரைமண்டி முதுகைக் கெடுக்காது, வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், இடுப்பு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது என்று வகுப்பில் வைத்துத் திட்டாமல் இருப்பார். உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான், அதை அவரே சொல்லியிருக்கிறார். தைப்பூசத்துக்கு பத்துமலை 272 படி ஏறிப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய, எடுக்கலாம். அறுவை ஆனவர்கள் மட்டும் எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை பால்குடம், காவடி இரண்டையும் தள்ளிவையுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்யாணம், பிள்ளைப்பேறு. முதுகு வளைந்த பெண்கள் சாதாரணமாகக் கர்ப்பம் தரிக்கிறார்கள், சாதாரணமாகப் பெறுகிறார்கள், வளைவு இருப்பதாலேயே அறுவைப் பிரசவம்தான் என்று ஒன்றும் இல்லை. கீழ்முதுகு வரை கம்பி போட்டிருந்தால் முதுகில் மயக்க ஊசி போடுவது சிரமமாகலாம், மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறக்கும் பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், பத்து வயதில் முதுகைப் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று இப்போதே 'யாரிடமும் சொல்லாதே' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது பிரேஸைக் கழற்றச் சொல்லும் வீடுகளில்தான் பிள்ளை மூன்றாவது மாதம் தானாகவே கழற்ற ஆரம்பிக்கிறது. நீங்கள் மறைத்தால் அவள் அதை அசிங்கம் என்று எடுத்துக்கொள்வாள். வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள், நெருங்கிய தோழி ஒருத்திக்குத் தெரியட்டும், விருந்தில் யாராவது அத்தை 'ஏன் ஒரு பக்கமாக நிற்கிறாள்' என்று கேட்டால் பிள்ளைக்கு முன்னாலேயே 'முதுகு வளைந்திருக்கிறது, வைத்தியம் நடக்கிறது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பரிமாறுங்கள். பிரேஸ் நிறத்தை, பட்டையின் நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அழுதால் அழட்டும், அழுகையை நிறுத்தவும் வேண்டாம், அதற்காகக் கழற்றவும் வேண்டாம்.

தங்களுக்கே சின்ன வயதில் இருந்து வளைவு இருக்கிறது, இப்போது நாற்பது வயதில் முதுகு வலிக்கிறது என்று இதைப் படிப்பவர்களுக்கு: வளர்ச்சி முடிந்த எலும்பை பிரேஸ் மாற்றாது, உங்களுக்கு வேண்டியது முதுகுக்கும் வயிற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி, தினசரி நடை, எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது. மூச்சுத் திணறல் வருமளவுக்கு நுரையீரலைப் பாதிப்பது 70, 80 டிகிரி போன்ற பெரிய வளைவுகளில்தான். நடக்க நடக்கக் கால் வலித்து உட்கார்ந்தால் குறைகிறது, அல்லது உயரம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் காட்டுங்கள்.

பிரேஸோடு எடுக்கும் படத்துக்குப் பிறகு மகளின் அடுத்த எக்ஸ்ரே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், நின்றபடி, முழு முதுகும், கதிர் முதுகுப் பக்கத்தில் இருந்து வரும்படி எடுக்கச் சொல்லுங்கள், மார்பகத்தில் படும் அளவு குறையும். பழைய படங்களை சிடியில் வாங்கி நீங்களே வைத்திருங்கள், மருத்துவமனை மாறினாலும் கையில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உயரம் அளந்து எழுதி வையுங்கள், திடீரென்று ஏறினால் தேதிக்குக் காத்திருக்காமல் போன் பண்ணுங்கள்.

இவளுக்குக் கீழே தங்கை, தம்பி இருந்தால் இந்த வாரமே பாருங்கள். மேல்சட்டை இல்லாமல், காலைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் உட்கார்ந்து உங்கள் கண்ணை அவர்கள் முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்க விலாவோ இடுப்புக்கு மேலே உள்ள தசையோ மறுபக்கத்தைவிட உயர்ந்து தெரிந்தால் டாக்டரிடம் கொண்டுபோங்கள். தெரியவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வளர்ச்சி முடியும் வரை.